தோள் முறிவும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மேடையிலே ஆண்டுதோறும் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் நல்ல சொற்பொழிவுகள் நிகழ்ந்து வருகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ ஓர் எலும்பைப் பற்றியது. தோளிலிருந்து முழங்கை வரை செல்லும் எலும்பு, தோளுக்குச் சமீபத்திலே முறிந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதே அது. "இது டாக்டர்மார் பேசவேண்டிய பேச்சல்லவா? வாலிபர் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. அந்த வேலை இன்னதென்று சொல்லவே இங்கு வந்து நிற்கிறோம். நாம் வைத்தியரல்லோம், கல்லூரி மாணவர்தாம். நூல்களிற் படித்ததையும் வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் வீட்டிலே பட்டறிந்ததையுமே சொல்லப் போகிறோம்.

முதலில் வீட்டிலே பட்டறிந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம் அம்மாயி நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். பென்ஷன் வயதும் கடந்து லயத்தில் இருந்தவர், ஓர் ஆனி மாதத்து மழைக் காலையிலே பீலிக்குத் தண்ணீருக்குப் போனார். பாசி படிந்த படியிலே கால் வழுக்கிற்று. விழும்போது கையை ஊன்றினார். எழுந்து உட்கார்ந்தபோது வலக்கையைத் தூக்க முடியவில்லை. தோட்டத்து லொறியிலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் இடம் பெயரவில்லை. சத்திரசிகிச்சை வேண்டியதில்லை" என்று சொல்லிக் கையைக் கழுத்திலிருந்து துணியால் தொங்கவிட்டு, ஒரு தாளையும் கொடுத்து, இரண்டு வாரத்திலே கிளினிக்குக்கு வரும்படி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டிலே எல்லாரும் அன்போடு சொன்னது ஒன்றே: "கையை அசைக்காதே." கிளினிக் நாள் வந்தது. கூடப் போவதற்கு ஒருவர் தம் நாட்பேரை இழக்கவேண்டும், மழையும் விட்டபாடில்லை. அடுத்த கிழமை போகலாம் என்றார்கள். அடுத்த கிழமை வலியே குறைந்துவிட்டது. இனிப் போவானேன் என்றார்கள். கை மூன்று மாதம் துணியிலே தொங்கிற்று. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது. ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், கை மார்புக்கு மேலே போகவில்லை. தலைமயிரை வாரிக் கட்ட இயலவில்லை. ரவிக்கையைத் தாமே போட இயலவில்லை. பரணிலிருந்து ஒரு சட்டியை எடுக்க இயலவில்லை. அவ்வருஷத்துக் கோயில் திருவிழாவிலே சுவாமி வெளிவந்தபோது எல்லாரும் இரு கைகளையும் தலைமேற் குவித்து அரோகரா என்றார்கள். அம்மாயியின் ஒரு கை தலைக்கு மேலே சென்றது. மற்றக் கை நெஞ்சோடு நின்றுவிட்டது.

விடுமுறைக்கு வந்திருந்த நாம் அதைக் கண்டோம். ஆஸ்பத்திரியிலே கொடுத்த தாள் எங்கே என்று கேட்டோம். பத்திரமாக மடித்துச் சுவாமி படத்தின் பின்னாலே வைத்திருந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. எந்த வாரத்தில் எந்தப் பயிற்சி செய்யவேண்டும் என்று சிறு படங்களோடு எழுதியிருந்தது. அந்த வீட்டிலே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவரே. மிஷன் பாடசாலையிலே பத்து வருஷம் அதைப் படித்திருந்தோம். அந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தும், "அம்மாயி, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டோமில்லை. இந்தக் குற்றத்தைச் சபையிலே ஒப்புக்கொண்ட பின்னரே மற்றவற்றைச் சொல்லத் தகும்.

நண்பர்களே! தோள்மூட்டு நம் தேகத்திலுள்ள மூட்டுக்களுள் மிக அதிகமாக அசையவல்லது. மேற்கையின் எலும்பைப் புயவென்பு என்று நம் பாடநூல்கள் அழைக்கின்றன. அதன் மேல்நுனி ஒரு பந்து. அந்தப் பந்து பொருந்தியிருக்கும் குழி ஆழமில்லாதது. சின்னஞ்சிறு தட்டிலே ஒரு தோடம்பழத்தை வைத்தாற்போல் இருக்கும். அதனாலேதான் கையை முன்னும் பின்னும் மேலும் கீழும் சுழற்ற முடிகிறது. பந்து தட்டிலிருந்து விழாமற் காப்பன அதைச் சுற்றியுள்ள மெல்லிய பையும் நான்கு தசைகளின் நாண்களுமாகும். அந்த நாண்கள் பற்றிக்கொள்ளும் இடங்கள் எலும்பிலுள்ள இரண்டு மேடுகள்; ஒன்று பெரிது, மற்றது சிறிது. மேடுகளுக்குக் கீழே எலும்பு ஒடுங்குகிறது. அதைச் சத்திரவைத்தியர்கள் கழுத்து என்பார்கள். பெரும்பாலும் முறிவது அந்தக் கழுத்திலேயே.

வாலிபருக்கு இந்த முறிவு உண்டாவது பலத்த அடியினாலே: மோட்டார் சைக்கிள் விபத்து, மரத்திலிருந்து விழுதல் போன்றவை. முதியோருக்கோ நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே போதும். அவர்களுள்ளும் பெண்களுக்கே அதிகம். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக மெலிந்துபோவதே இதற்குக் காரணம். மெலிந்த எலும்பினால் உண்டாகும் முறிவுகளுள், அதிகம் காணப்படுவனவற்றில் இதுவும் ஒன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள நம் மலைகளை எண்ணிப் பாருங்கள். செங்குத்தான சரிவு, ஈரமான கான், கல்லுப்படி, தென்மேற்குப் பருவமழை. இவற்றினிடையே மெலிந்த எலும்போடு நடமாடுகிறவர்கள் நம் தாய்மாரும் பாட்டிமாருமே.

மேலும், கொழுந்து பறிப்பவளுக்குத் தோள்தான் தொழில். இரு கையாலும் கிள்ளிய கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னாலுள்ள கூடைக்குள் எறிகிறாள். ஒரு நாளில் எத்தனை நூறு தடவை அந்தக் கை மேலே எழுகிறது! கை எழவில்லையானால் கொழுந்து நிறை குறையும், முழுப்பேர் அரைப்பேராகும். ஆகவே ஒரு தோள் இறுகிவிட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அதை உணர்கிறது.

இனி, ஒருவர் விழுந்துவிட்டால் முதலிற் செய்யவேண்டியதைக் கேளுங்கள். தோளிலே கடும் வலி, வீக்கம், கையை உயர்த்த இயலாமை ஆகிய மூன்றும் இருந்தால் முறிவென்றே கருதிக்கொள்ள வேண்டும். கையை இழுத்துப் பார்க்கவோ உருவிப் பார்க்கவோ கூடாது. விரலிலுள்ள மோதிரத்தையும் கையிலுள்ள வளையலையும் உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் இறங்கிவந்தபின் கழற்றுவது கடினம். ஒரு சேலைத் துண்டையோ துவாயையோ முக்கோணமாக மடித்து, முழங்கையை மடக்கிய நிலையிலே கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட வேண்டும். படுக்கவைப்பதிலும் உட்காரவைத்துக் கொண்டுபோவதே நோயாளிக்குச் சுகம்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. கை வெளுத்துக் குளிர்ந்துபோதல், மணிக்கட்டிலே நாடி அகப்படாமை, விரல்களை அசைக்க முடியாமை, தோளின் வெளிப்புறத்திலே தொட்டால் உணர்ச்சியின்மை, எலும்பு தோலைக் கிழித்து வெளிவருதல், தோளின் உருண்டை வடிவம் மாறிக் குழி விழுதல் என்பனவே அவை. புயவென்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு செல்கிறது; அருகே கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயும் உண்டு. அவற்றுக்குச் சேதம் நேர்ந்தால் மேற்கூறிய அடையாளங்கள் தோன்றும். ஹட்டன் பகுதியார்க்கு டிக்கோயாவிலே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதத்திலே இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். நுவரெலியாவிலே மாவட்டப் பொது வைத்தியசாலையும், மேலும் சிக்கலானவற்றுக்குக் கண்டியிலே தேசிய வைத்தியசாலையும் உள்ளன.

வேறொன்றையும் கூறவேண்டும். முறிந்து சில நாட்களில் கை முழங்கை வரைக்கும், சிலவேளை நெஞ்சுப் பக்கமும், கருநீலமாகிவிடும். இதைக் கண்டு, கெட்ட இரத்தம் இறங்கிவிட்டதென்று பயந்து எண்ணெய் போட்டு உருவுவோர் உண்டு. அது முறிந்த இடத்திலே கசிந்த இரத்தம் கீழ்நோக்கி வடிவதே, தானாகவே மறைந்துவிடும். உருவினால் முறிவு இடம்பெயரக்கூடும்.

அடுத்தது சிகிச்சை. அமெரிக்காவிலே பொஸ்டன் நகரில் எர்னெஸ்ட் கோட்மன் என்ற சத்திரவைத்தியர் இருந்தார். தோளைப் பற்றி 1934இல் ஒரு பெருநூல் எழுதினார். இந்த எலும்பு பந்து, பெரிய மேடு, சிறிய மேடு, தண்டு என்ற நான்கு துண்டுகளாகவே பிரியும் இயல்புடையதென்று கண்டு கூறியவர் அவரே. பின்னர் 1970இல் சார்ள்ஸ் நீர் என்பவர் அதை விரித்து ஓர் அளவுகோல் வகுத்தார். ஒரு துண்டு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால், அல்லது 45 பாகைக்கு மேல் சாய்ந்தால், அதை இடம்பெயர்ந்த முறிவென்று கொள்ளவேண்டும் என்றார். அவ்வாறு பெயராதவையே பெரும்பான்மை. அவற்றுக்குக் கத்தியும் வேண்டாம், தகடும் வேண்டாம். அவ்விடத்து எலும்பு பஞ்சுபோன்றது, இரத்தவோட்டம் நிறைந்தது. துணியிலே தொங்கவிட்டாலே கூடிவிடும்.

இடம்பெயர்ந்தவற்றுக்கு எல்லாம் சத்திரசிகிச்சை வேண்டுமா? பிரித்தானியாவிலே 32 ஆஸ்பத்திரிகளிலே 250 நோயாளிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். கழுத்தை உள்ளடக்கி இடம்பெயர்ந்த முறிவுடையவர்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்குச் சத்திரசிகிச்சையும் மறுபகுதியார்க்குத் துணித்தொங்கலும் கொடுத்தார்கள். இரு பகுதியார்க்கும் பயிற்சி உண்டு. இரண்டு வருஷம் கவனித்தபின் இரு சாராரின் கைகளுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. 2015இலே இம்முடிவு வெளிவந்தது. இதைக் கேட்டுச் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று எவரும் நினைத்துவிடக்கூடாது. மூட்டும் விலகி எலும்பும் முறிந்திருந்தால், பந்தே பிளந்திருந்தால், இரத்தக்குழாய் அறுந்திருந்தால், தோல் கிழிந்திருந்தால், அது அவசியமாகும். தீர்மானிக்க வேண்டியவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் வைத்தியரே. ஆனால், "கத்தி வைக்கவில்லை, ஆகவே சிகிச்சையே நடக்கவில்லை" என்று நம்மவர்கள் மனம் வருந்துவது தவறு. துணித்தொங்கலும் பயிற்சியும் சேர்ந்ததே சிகிச்சை. தொங்கல் பாதி; பயிற்சி மறுபாதி. அம்மாயிக்குக் கிடைத்தது முதற் பாதி மாத்திரமே.

அசையாதிருந்தால் மூட்டு ஏன் இறுகுகிறது? மழையிலே நனைந்த படங்கை மடித்து மூலையிலே போட்டுவிட்டுச் சில நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். மடிப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். தோளைச் சுற்றியுள்ள பையும் அத்தகையதே. கை தொங்கும்போது அதன் கீழ்ப்புறம் மடிந்திருக்கிறது. நாட்கணக்காக விரியாதிருந்தால் மடிப்பு ஒட்டிக்கொள்கிறது, தசையும் மெலிகிறது. பிறகு அதை விரிப்பது பெரும் பிரயாசை.

பயிற்சியின் ஒழுங்கு இது. முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்டலாம். மணிக்கட்டையும் முழங்கையையும் அசைக்கலாம். இரவிலே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உறங்குவது நல்லது. வைத்தியர் பார்த்து உத்தரவு கொடுத்தபின், பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களிலே, கையை ஊசலாட விடவேண்டும். நல்ல கையினால் இஸ்தோப்புத் திண்ணையைப் பிடித்துக்கொண்டு முன்னே குனிந்து, நோவுள்ள கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, கோயில் மணியின் நாக்கைப்போல மெதுவாக ஆடவிடுவதே அது. இந்தப் பயிற்சிக்குக் கோட்மனின் பெயரே வழங்குகிறது. மூன்று வாரமளவிலே, படுத்துக்கொண்டு ஒரு குடையை இரு கையாலும் பிடித்து, நல்ல கை நோவுக்கையைத் தூக்கும்படி மேலே கொண்டுபோகலாம். ஆறு வாரமளவிலே எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டினால், கையைத் தன் பலத்திலேயே உயர்த்தலாம். சுவரிலே விரல்களால் ஏறலாம். பாரம் தூக்குவது மூன்று மாதத்துக்குப் பின்னரே. இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவேதான் கிளினிக்குக்குப் போகவேண்டும். பயிற்சியிலே சிறிது வலி இருக்கும். தாங்கக்கூடிய வலி தீங்கன்று. இதை நோயாளிக்குச் சொல்ல ஒருவர் பக்கத்திலே இருக்கவேண்டும்.

இங்கே பெரியோர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "நம் நாட்டு முறிவு நெரிவு வைத்தியத்தை இகழ்கிறீர்களா?" இல்லை. முறிவு வைத்தியத்தை விரிவாகச் சொன்ன பழைய நூல்களுள் முன்னிற்பது சுஸ்ருத சம்ஹிதை. கட்டுத் தளர்ந்தால் எலும்பு நிலைபெறாது, இறுகினால் வீக்கமும் வலியும் புண்ணும் உண்டாகும் என்று அது எச்சரிக்கிறது. இளமையிலே ஒரு மாதத்தில் கூடுவது நடுவயதிலே அதன் இரு மடங்கும் முதுமையிலே மும்மடங்கும் காலம் எடுக்கும் என்கிறது. உள்ளங்கை முறிந்தவர்க்கு அது சொல்லும் முறை இன்னும் வியக்கத்தக்கது: முதலில் மண்ணுருண்டையைப் பிடிக்கச் செய், பின்பு உப்புக்கட்டியை, பலம் வந்தபின் கல்லை. இது படிப்படியான பயிற்சியேயல்லவா? ஆகவே பயிற்சி மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. நம் முன்னோர் அறிந்து நாம் மறந்தது. அன்றியும், மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் முறை கையின் நடுவிலே முறிந்தால் பொருந்தலாம். தோளுக்கருகே முறிந்தால் மேலே கட்டுவதற்கு இடமே இல்லை. எந்த வைத்தியரிடம் போவதாயினும் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவதே புத்தி.

வேலைத்தலத்திலே விழுந்தவர்கள் அன்றைக்கே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லிப் பதியச் செய்யவேண்டும். ஆஸ்பத்திரித் துண்டுகளைக் காத்து வைக்கவேண்டும். வேலையினால் உண்டான காயத்துக்கு நட்டஈடு பெறுவதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அது பிச்சையன்று, உரிமை.

வருமுன் காப்பதும் அவசியம். சிறிய விழுகையிலே முதியவரின் தோள் முறிந்தால், அது எலும்பு மெலிந்துவிட்டதென்ற எச்சரிக்கை. அடுத்தது இடுப்பாக இருக்கலாம். ஆகவே எலும்பின் பலத்தையும் பரிசோதிக்கும்படி வைத்தியரைக் கேட்கவேண்டும். உலகத்துக்குத் தேயிலை கொடுக்கும் நம் வீடுகளிலே பாலில்லாத வெறுந் தேத்தண்ணிதான் குடிக்கிறோம். பால் வாங்க இயலாவிட்டால், முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், கீரை ஆகியவற்றிலும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உண்டு. லயத்துக்குள்ளேயே இருக்கும் முதியோர் வெயில் கண்ட நேரம் வெளியே வந்து உட்காருவது நல்லது. புகையும் குடியும் எலும்பையும் கெடுக்கும்.

வாலிப சகோதரர்களே! கோட்மனுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் ஆஸ்பத்திரி விட்டதோடு மறந்துவிடாமல், ஓராண்டு கழித்தும் விசாரித்து, "சிகிச்சை பலித்ததா? பலிக்காவிட்டால் ஏன்?" என்று குறித்துவைக்க வேண்டும் என்றார். அக்காலத்துச் சக வைத்தியர்கள் பலருக்கு அது கசந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. நம் தோட்டங்களிலே எலும்பு கூடியும் கை எழாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்தது மருந்தன்று, தாளை வாசித்துச் சொல்ல ஒரு வாயும், கிளினிக்குக்குக் கூடப்போக ஒரு துணையும், மாலையிலே "இன்று பயிற்சி செய்தீர்களா?" என்று கேட்க ஒரு மனமுமே.

நம் சங்கத்தார் இதை ஒரு தொண்டாக ஏற்கவேண்டும் என்பதே எமது விண்ணப்பம். ஒரு லயத்திலே ஒருவர் விழுந்தால் ஒரு வாலிபர் பொறுப்பெடுக்கட்டும். தாளை வாசித்துத் தமிழிலே சொல்லட்டும். கிளினிக் நாளைக் கலண்டரிலே குறிக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை, சுவரிலே விரல் ஏறிய உயரத்துக்கு ஒரு கரிக்கோடு போடட்டும். அந்தக் கோடு மேலே ஏற ஏற நோயாளிக்கு நம்பிக்கையும் ஏறும். இதற்குப் பணம் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

அம்மாயியின் காம்பராச் சுவரிலே அத்தகைய கோடுகள் உள்ளன. காலந்தாழ்ந்தே தொடங்கினோம். முதற் கோடு மார்பளவிலே. அடுத்து மோவாய், பிறகு மூக்கு. சென்ற மாதம் நெற்றியைத் தொட்டது. தாமே திருநீறு பூசிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தார். தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் இருக்கிறது. அந்த ஒரு சாண் வருமோ வராதோ, வைத்தியரும் உறுதி சொல்லவில்லை. தாளை அன்றைக்கே வாசித்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமற் போயிருக்கலாம்.

இனி நம் தோட்டங்களில் எந்தத் தாயின் தாளும் சுவாமி படத்துக்குப் பின்னாலே மடித்துக் கிடக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.